பல் பிடுங்கிய பின் வாயைப் பேணும் முறை



பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் பெரியோர். பல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும்; பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்தைக் கவனியாமல் விட்டதால் ஒரு வாரம், பத்து நாள் என்று படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவர் பஞ்சைக் கடிக்கச் சொல்லி, கையில் ஒரு தாளையும் கொடுத்து அனுப்புகிறார். அந்தத் தாள் பெரும்பாலும் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. தோட்டத்தில் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட நம் மூத்தவர்கள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பேரப் பிள்ளைகள் வேலை முடிந்து வந்து படித்துச் சொல்வதற்குள் செய்யக் கூடாத எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுகிறார்கள். ஆகவேதான், வகுப்பறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், அந்தத் தாளில் உள்ளவற்றையும் அதன் காரணங்களையும் தமிழில் விளக்கமாக எழுதலாம் என்று முன்வந்தேன்.

அன்றும் இன்றும்

ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் நாங்கள் வளர்ந்த காலத்தில் பல் வலி என்றால் முதலில் கிராம்பு, அடுத்தது உப்பு, அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்து மருந்தகத்து டிரசர் ஐயா. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு ஒரு வழி இருந்தது. 1949ஆம் ஆண்டு பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்ற தாதியர் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளின் பற்களைச் சோதித்தார்கள். பல் தாதி வருகிறார் என்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வந்துவிடும்! 1972ஆம் ஆண்டு குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்துக்கு அரசாங்கம் அனுமதி அளித்தது. அதன் பலனைப் பிற்காலத்துப் பிள்ளைகள் அனுபவித்தார்கள். கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடித்து வளர்ந்த தலைமுறை அனுபவிக்கவில்லை. அந்தத் தலைமுறைதான் இன்று ஒவ்வொரு பல்லாக இழந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கு ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர்காஜாவிலும் மலாக்கா நகரிலும் அரசாங்கப் பல் கிளினிக்குகள் உள்ளன. பல் பிடுங்குவது எளிதாகிவிட்டது. பிடுங்கிய பிறகு வீட்டில் செய்ய வேண்டியதுதான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

பள்ளத்தில் நடப்பது என்ன?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது மிக எளிது. காலையில் மரத்தில் கோடு இழுத்தால் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் வெட்டுக் கோட்டிலேயே பால் உறைந்து, காய்ந்து, பட்டையோடு ஒட்டிக்கொண்டு காயத்தை அடைத்துவிடுகிறது. மறுமுறை வெட்ட வரும்போது அந்தக் காய்ந்த பாலை உரித்து எடுத்துவிட்டுத்தான் கத்தியை வைப்போம்.

பல் பிடுங்கிய பள்ளத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. பல்லின் வேர் இருந்த இடத்தில் இரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த இரத்தக் கட்டிதான் பள்ளத்துக்கு மூடி. கீழே இருக்கும் எலும்பையும் நரம்பையும் காற்று, எச்சில், உணவு ஆகியவை தாக்காமல் அது காக்கிறது. அந்தக் கட்டிக்குள்தான் புதிய சதை வளரத் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் பள்ளத்தில் மென்மையான புதுச் சதை நிறைகிறது. மூன்று, நான்கு வாரத்தில் மேலே ஈறு மூடிக்கொள்கிறது. அடியில் எலும்பு நிறைவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

ஆகவே, பல் பிடுங்கிய பின் செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: அந்த இரத்தக் கட்டி பெயராமல் பார்த்துக்கொள்வது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

முதல் நாள்

1. மருத்துவர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுக்கும் ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய இரத்தம் பஞ்சோடு வந்துவிடும்.

2. துப்பக் கூடாது. இதுதான் நம்மவர்களுக்கு மிகவும் கடினமான விதி. எச்சிலில் கொஞ்சம் இரத்தம் கலந்தாலே வாய் நிறைய இரத்தம் போலத் தோன்றும். முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. அதை மெல்ல விழுங்கிவிடலாம், கெடுதல் இல்லை. காறித் துப்பினால் வாய்க்குள் ஏற்படும் இழுவிசை கட்டியைப் பெயர்த்துவிடும்.

3. வாய் கொப்பளிக்கக் கூடாது. உப்பு நீர்கூட முதல் 24 மணி நேரத்துக்கு வேண்டாம்.

4. உறிஞ்சு குழல் வைத்துக் குடிக்கக் கூடாது. பொட்டலத்தில் கட்டிய பானமும் மலாக்காவின் பேர்போன செண்டோலும் சில நாள் காத்திருக்கட்டும். குளிர்ந்த பானத்தை மங்கிலிருந்து மெதுவாகப் பருகலாம்.

5. மரத்துப்போன உதடும் கன்னமும் தெளிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். அதுவரை சூடான எதையும் வாயில் வைக்காதீர்கள், சுடுவது தெரியாது. சிறு பிள்ளைகள் விளையாட்டாகத் தங்கள் உதட்டைத் தாங்களே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது உண்டு. மரப்பு தெளியும்வரை பிள்ளையின் அருகிலேயே இருங்கள்.

6. நாக்காலும் விரலாலும் பள்ளத்தைத் தடவிப் பார்க்கக் கூடாது.

7. அன்று பாரம் தூக்குதல், குனிந்து வேலை செய்தல், வெயிலில் அலைதல் கூடாது. செம்பனைக் குலை தூக்கும் வேலை செய்பவர்கள் விடுப்புச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் தலைக்கு ஒரு தலையணை கூடுதலாக வைத்துப் படுங்கள்.

இரத்தம் மீண்டும் கசிந்தால் பதற வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணியை அல்லது பஞ்சுத் துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டிப் பள்ளத்தின் மேல் வைத்து, 20 முதல் 30 நிமிடம் விடாமல் கடித்திருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் நிற்காமல் வாய் நிரம்பி வந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி என்பது மரப்பு தெளிந்த பின் வரும். பாரசிட்டமோல் போதுமானது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்கள் ஒரு வேளைக்கு இரண்டு, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் போகாமல் சாப்பிடலாம். ஈரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்காக ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். வீக்கம் இருந்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளியே சிறிது நேரம் வைத்து எடுக்கலாம்.

இரண்டாம் நாள் முதல்

24 மணி நேரம் கழிந்த பிறகு உப்பு நீர் தொடங்கலாம். ஒரு மங்கு வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, நீர் பள்ளத்தின் மேல் நிற்கும்படி செய்து, பிறகு வாயைத் திறந்து அதுவாக வழிய விடுங்கள். உரக்கக் கொப்பளிக்க வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்கும் முன்னும், ஒரு வாரம் வரை செய்யலாம்.

காயம் இருக்கிறதே என்று பல் துலக்காமல் இருப்பவர்கள் பலர். அது தவறு. மற்றப் பற்களை முதல் நாளிலிருந்தே மெதுவாகத் துலக்க வேண்டும். பள்ளத்தின் மேல் மட்டும் தூரிகை படக் கூடாது. வாய் சுத்தமாக இருந்தால்தான் காயம் ஆறும். வேப்பங்குச்சியில் துலக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஈறு மூடும்வரை மென்மையான தூரிகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உணவைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையலிலேயே எல்லாம் உண்டு. ஆறிய கஞ்சி, குழைந்த சோற்றில் தயிர், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், அவித்த முட்டை ஆகியவை முதல் சில நாளுக்கு ஏற்றவை. முறுக்கு, வறுத்த கச்சான், அப்பளம், மீன் முள், காரமான சம்பல் ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். தாளித்த கடுகும் எள்ளும்கூடப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபக்கமாக மென்று சாப்பிடுங்கள்.

நம்மிடம் உள்ள சில பழக்கங்கள்

மஞ்சள் தூள், கோப்பித் தூள், நசுக்கிய கிராம்பு ஆகியவற்றைப் பள்ளத்தில் திணிப்பதைக் கண்டிருக்கிறேன். பக்தியினால் திருநீற்றை வைப்பவர்களும் உண்டு. திருநீறு நெற்றிக்குரியது, திறந்த காயத்துக்குள் எந்தத் தூளும் போகக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைத்தால் அந்த இடம் வெந்து வெளுத்துப் புண்ணாகும்.

புகை பிடிப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்துங்கள்; ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. உறிஞ்சும்போது கட்டியும் பெயர்கிறது. கள்ளும் சாம்சுவும் வேண்டவே வேண்டாம்.

வெற்றிலை பாக்கைப் பற்றி ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். சிறு வயது முதல் புகையிலையோடு வெற்றிலை போடுபவர். கீழ்க் கடைவாய்ப் பல் ஆடியது, பிடுங்கினார்கள். பள்ளம் ஆறவில்லை. சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், மஞ்சளை அரைத்து வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையில் காட்டியபோது அது புற்றுநோய் என்று தெரிந்தது. பல் ஆடியதே அந்தப் புற்றினால்தான். அடுத்த தீபாவளியைப் பாட்டி பார்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2003ஆம் ஆண்டு முடிவு கூறியது. மலேசியாவில் வாய்ப்புற்று நம் இந்தியர்களிடையேதான் அதிகம் காணப்படுகிறது. ஆகவே, பல் பிடுங்கிய இடம் மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும், தயவு செய்து மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கட்டி பெயர்ந்துவிட்டால்

பல் பிடுங்கி இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் அளவில் திடீரென்று வலி கடுமையாகும். காது வரை இழுக்கும், மாத்திரைக்கு அடங்காது, வாய் நாறும், பள்ளத்தைப் பார்த்தால் இரத்தக் கட்டி இல்லாமல் வெறுமையாக, வெளிறிய எலும்பு தெரியும். இதை உலர் பள்ளம் என்று சொல்லலாம். 1896ஆம் ஆண்டு கிராஃபோர்ட் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இதற்கு இப்பெயரை வைத்தார். சாதாரணமாகப் பல் பிடுங்கியவர்களில் 100க்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரக்கூடும். கீழ்த் தாடை ஞானப் பல் எடுத்தவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

இதை வீட்டில் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. மருத்துவர் பள்ளத்தைக் கழுவி, வலியை அடக்கும் மருந்துத் துணியை உள்ளே வைத்தால் சில மணி நேரத்திலேயே நிம்மதி கிடைக்கும். மருந்துக் கடையில் நீங்களாகவே நோய்க்கிருமி மாத்திரை கேட்டு வாங்குவதால் பயன் இல்லை.

சர்க்கரை நோயாளிகளும் மற்றவர்களும்

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 ஆக இருந்தது. அதாவது நம் ஆலயப் பந்தியில் மூவர் அமர்ந்தால் ஒருவருக்கு என்று சொல்லலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றால் காயம் மெதுவாக ஆறும். கிருமி எளிதில் தொற்றும். இவர்கள் காலை நேரத்தில், பசியாறி, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் செல்வது நல்லது. பல் வலிக்கிறது என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மருந்தை மட்டும் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடும் இருதய நோயாளிகள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடும். மருந்து அட்டையைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் இரத்தப் பரிசோதனை செய்து முடிவு சொல்வார். இருதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள், கழுத்திலும் தாடையிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரும் பல்லைப் பிடுங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இவர்களுக்குத் தனிக் கவனம் தேவை.

நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கவனத்துக்கு

தைப்பூசத்துக்கும், செங் சன்னாசிமலை ஆண்டவர் மாசி மகத்துக்கும் விரதம் இருக்கும் அன்பர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

பல்லில் கோளாறு இருந்தால் விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே காட்டி முடித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் பல் பிடுங்கிக்கொள்வதும், வெறும் வயிற்றில் கடுமையான வலி மாத்திரை போடுவதும் கூடாது. ஒரு வேளை உணவை மருந்தோடு ஏற்றுக்கொள்வதால் விரதத்தின் தூய்மை குறைந்துவிடாது.

கன்னத்திலோ நாக்கிலோ அலகு குத்திக்கொள்பவர்கள், பல் பிடுங்கிய காயம் முழுமையாக ஆறும்வரை அதைத் தவிர்க்க வேண்டும். ஒரு பக்கம் ஆறாத பள்ளம், மறுபக்கம் புதிய காயம் என்றால் கிருமிக்கு இரண்டு வாசல் திறந்து வைத்தது போலாகும். அந்த ஆண்டு பால்குடம் எடுக்கலாம். அலகில்லாமல் காவடி ஏந்தலாம். முருகன் கணக்குப் பார்ப்பதில்லை.

நாதசுவரம் வாசிப்பவர்கள், சங்கு ஊதுபவர்கள் மருத்துவரிடம் தங்கள் தொழிலைச் சொல்லுங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே முகத்தில் ஒரு காற்றறை இருக்கிறது. சில வேளை பல்லை எடுக்கும்போது வாய்க்கும் அதற்கும் இடையே வழி ஏற்பட்டுவிடும். வேகமாக ஊதினாலும், மூக்கை அழுத்திச் சிந்தினாலும் அந்த வழி மூடாது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் உடனே திரும்பிச் சென்று காட்ட வேண்டும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம், நாளுக்கு நாள் குறையாமல் கூடும் வீக்கம், காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ், வாயைத் திறக்க முடியாமை, மறுநாளும் தெளியாத மரப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு விடச் சிரமமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. 1836ஆம் ஆண்டிலேயே லுட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை விவரித்திருக்கிறார். விடியட்டும் என்று காத்திராமல் 999 எண்ணை அழைத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

யாரிடம் செல்வது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2017ஆம் ஆண்டு நம் மலாக்காவிலேயே, தகுதியும் உரிமமும் இல்லாமல் பற்களுக்குக் கம்பி பொருத்திய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. மலிவு என்று வீட்டில் வைத்துப் பல் பார்ப்பவர்களிடம் போகாதீர்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நிறைவாக ஒரு வேண்டுகோள். பல்லை இழந்த பின் காட்டும் கவனத்தில் பாதியை இருக்கும் பற்களுக்குக் காட்டினால் பிடுங்கும் தேவையே குறையும். காலையும் இரவும் துலக்குதல், ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதனை, இனிப்பையும் புகையிலையையும் குறைத்தல் ஆகியவை பணம் செலவில்லாத காரியங்கள். இம்மலரைப் படித்து முடித்தவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாள் விதிகள் ஏழையும் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அதுவே இக்கட்டுரைக்கு நீங்கள் தரும் காணிக்கை.

எல்லாரும் நோயின்றி நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!